கடல் இல்லாத ஊர்ல இருந்து கடற்கரைப் பறவைகளைப் படமெடுக்கிறது எப்படி?

(பேசினதை எழுத்தாக்கும்போது கொஞ்சம் சுருக்கியிருக்கோம். பேச்சு வழக்கை முடிஞ்ச அளவு அப்படியே விட்டிருக்கோம்.)

போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. அனுப்பினவர் நம்ம ஊர்க்காரர், ஒரு கார்மெண்ட்ஸ்ல மெர்ச்சண்டைசரா இருக்கார். ரெண்டு கேள்வி கேட்டிருந்தார். ஒண்ணு: "அண்ணா, கடற்கரைப் பறவைங்கள எடுக்கணும்னு ரொம்ப ஆசை. திருப்பூர்ல உக்காந்துட்டு எப்படிங்ணா கத்துக்கிறது?" ரெண்டாவது: "உங்க பேஜ்ல அந்த ஆள்காட்டி படம் இருக்கே, வயிறெல்லாம் நனைஞ்சு, சொட்டு விழுந்துட்டு இருக்குமே, அது எப்படி எடுத்தீங்க?"

முதல் கேள்விக்கு சந்தோஷமா பதில் சொல்லலாம். ரெண்டாவதுக்கும் சொல்றேன், கொஞ்சம் பொறுங்க.

கடல் தூரம்னு நாமதான் நினைச்சுக்கிறோம். பறவைக்கு அப்படி இல்லை. கடற்கரைப் பறவைன்னு நாம சொல்றதுல பாதிப் பேருக்குக் கடலே வேண்டாம். அவங்களுக்கு வேண்டியது ஆழமில்லாத தண்ணி, ஈரச் சேறு, சேத்துக்குள்ள புழு பூச்சி. அது கோடியக்கரையில இருந்தாலும் சரி, ஊத்துக்குளி ரோட்டுல இருந்தாலும் சரி. நம்ம நஞ்சராயன் குளத்துக்கு, அதான் சர்க்கார் பெரியபாளையம் பக்கத்துல இருக்கிறது, நவம்பர் மாசம் ஒரு காலையில போய்ப் பாருங்க. பட்டாணி உப்புக்கொத்தி ஓடிட்டு இருக்கும். நெடுங்கால் உள்ளான் சிவப்புக் காலைத் தூக்கித் தூக்கி வச்சு நடக்கும். தண்ணிக்கு மேல மீசை ஆலா சுத்தும். உப்புக்கொத்திங்கிற பேரைக் கவனிங்க. பேருலேயே உப்பு. ஆலாங்கிறது கடலோர மீனவர்கள் நாக்குல புழங்குற பேரு. அதெல்லாம் நம்ம பனியன் ஊருக்கு வந்து போகுது.

125 ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேல இருக்கிற குளம் அது. நல்லாறு வழியா வர்ற மழைத்தண்ணிதான் அதுக்கு ஆதாரம். பல நூற்றாண்டுக்கு முன்னாடி நஞ்சராயன்னு ஒரு ராஜா அதைச் சீர்படுத்தினதால இந்தப் பேருன்னு சொல்றாங்க. 191 வகைப் பறவைகள் அங்கே பதிவாகியிருக்கு. 2022ல தமிழ்நாட்டோட 17வது பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. 2024 ஆகஸ்ட்ல ராம்சார் பட்டியல்லயும் சேர்ந்திருச்சு, விழுப்புரம் மாவட்டத்துக் கழுவேலியும் அதே நேரத்துலதான் சேர்ந்தது. நம்ம ஊர்ப் பேரு தண்ணி விஷயத்துல எப்படி அடிபட்டுச்சுன்னு உங்களுக்கே தெரியும். சாயம் துணியில ஏறணும்னா உப்பு கொட்டணும். அந்த உப்பு மொத்தமும் நொய்யல்ல போய்ச் சேர்ந்துச்சு, ஒரத்துப்பாளையம் அணையில தேங்கி நின்னுச்சு. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ற அளவுக்குப் போச்சு. அந்த ஊர்ல ஒரு குளம் உலகப் பட்டியல்ல இருக்குங்கிறது எனக்கு இன்னும் கொஞ்சம் நம்ப முடியாத விஷயம்தான்.

சரி, கேமராவுக்கு வர்றேன்.

எல்லாரும் முதல்ல கேக்கிறது லென்ஸ். "600 எம்எம் இல்லாம முடியுமாங்ணா?" நான் ஆரம்பிச்சது செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஒரு நிக்கான் பாடி, ஒரு 70-300 லென்ஸ். சின்ன சென்சார்ங்கிறதால அந்த 300 ஏறக்குறைய 450 மாதிரி வேலை செய்யும். அது போதாதுன்னு நானும் ரெண்டு வருஷம் புலம்பியிருக்கேன். ஆனா மா. கிருஷ்ணன்னு ஒருத்தர் இருந்தார், 1912ல பிறந்தவர், நாவலாசிரியர் மாதவையாவோட மகன். தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் காட்டைப் பத்தி எழுதினவர். அவர் எடுத்ததெல்லாம் கருப்பு வெள்ளை. வெவ்வேற கேமராவோட பாகங்களை எல்லாம் ஒட்டித் தானே ஒரு கேமரா பண்ணி, அதுக்கு சூப்பர் பாண்டரோசான்னு கிண்டலா ஒரு பேரும் வச்சிருந்தார். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு லென்ஸைப் பத்திப் புலம்புறதைக் குறைச்சுக்கிட்டேன். முழுசா விட்டுட்டேன்னு சொல்ல மாட்டேன்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இந்த வேலையில ஒரு வசதி இருக்கு. நமக்குக் கலர் பார்க்கத் தெரியும். நான் குவாலிட்டியில இருக்கேன், தினமும் லைட் பாக்ஸ் முன்னாடி நிக்கிறவன். ஒரே துணி டி65 லைட்டுல ஒரு ஷேடு, டிஎல்84 போட்டா வேற ஷேடு. பையர் கிட்ட இதுக்காக எத்தனை தடவை திட்டு வாங்கியிருப்போம்! டி65ன்னா 6500 கெல்வின், ஏறக்குறைய பகல் வெளிச்சம். கேமராவுல ஒயிட் பேலன்ஸ்னு இருக்கிறது இதேதான். விடியக்காலையில சேறு பொன்னா இருக்கும், மேகம் வந்தா நீலமாகும், பறவையோட நிறம் ரெண்டுலயும் ஒண்ணுதான். 'ரா' ஃபார்மட்ல எடுத்தீங்கன்னா அதை வீட்டுல வந்து சரி பண்ணிக்கலாம்.

வீட்டுல வந்து சரி பண்ண முடியாதது வெள்ளை. கொக்கு, பூநாரை, கடற்காகம், ஆலா, இதுல முக்கால்வாசி வெள்ளை உடம்பு. கேமராவுக்கு வெள்ளை, கருப்பு எதுவும் தெரியாது. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலா ஆக்கப் பார்க்கும். இருட்டான தண்ணிக்கு முன்னாடி ஒரு வெள்ளைக் கொக்கு நின்னா, கேமரா தண்ணியைப் பார்த்துட்டு "அடடா இருட்டு"ன்னு வெளிச்சத்தை ஏத்தும். கொக்கு சோப்புத்தூள் விளம்பரத்துல வர்ற வேட்டி மாதிரி ஆயிடும், ஒரு இறகு தனியாத் தெரியாது. அங்கே எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ குறைக்கணும். அதே கொக்கு வெளுத்த வானத்துக்கு முன்னாடி பறந்தா நேர் எதிர்: ஒரு ஸ்டாப் ஏத்தணும், இல்லைன்னா காக்கா மாதிரி வரும். வெந்து வெளுத்துப்போன இடத்துல மறுபடி நூல் தெரியாதுங்கிறது துணி பார்க்கிறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். படத்துலயும் அப்படித்தான்.

ஷட்டர் வேகம்: நடந்துட்டு மேயுற உள்ளானுக்கு 1/1000 போதும். ஆலாவுக்கு 1/2500க்குக் கீழ போகாதீங்க. ஐஎஸ்ஓவை ஆட்டோல விட்டுடுங்க. படத்துல புள்ளி வந்தா வரட்டும், கலங்கின படத்தை விட புள்ளி விழுந்த படம் மேல். இதுல இன்னும் நுணுக்கம் நிறைய இருக்கு, ஆனா அதுக்கெல்லாம் யூடியூப்ல ஆயிரம் வீடியோ இருக்கு.

வீடியோவுல ஈஸியா கிடைக்காதது காத்தும் வெயிலும். பறவை இறங்கும்போதும் ஏறும்போதும் காத்துக்கு எதிர்ப்பக்கம் மூஞ்சியை வச்சுக்கும். அதனால காத்து உங்க முதுகுல அடிச்சா பறவை உங்களைப் பார்த்து வரும். சூரியனும் முதுகுல இருந்தா ரெண்டும் சேர்ந்தாச்சு. கிழக்குக் கடற்கரையில காலையில சூரியன் கடல்ல இருந்து வரும், கரையில நின்னு கடலைப் பார்த்தீங்கன்னா எல்லாப் பறவையும் நிழல் உருவமாத்தான் கிடைக்கும். அங்கே பீச்சுக்குச் சாயங்காலம் போகணும். மேற்குக் கடற்கரையில இது தலைகீழ். திருப்பூர்ல இருந்து பாலக்காடு வழியா ரயில் ஏறினா கேரளாவுல கடலுண்டி இருக்கு. கேரளாவோட முதல் சமூகக் காப்பகம் அது, ஆத்து முகத்துல சேறு தெரியும்போது உப்புக்கொத்திகளும் ஆலாக்களும் இறங்கும். காலை வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம், சாயங்கால வெளிச்சத்துக்கு இந்தப் பக்கம். கடல் இல்லாத ஊருக்கு ரெண்டு கடல்!

இன்னொண்ணு, ஒன்பது மணிக்கு மேல சேத்துல இருந்து கானல் கிளம்பும். கண்ணுக்குத் தெரியாது, படத்துல எல்லாம் தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி நெளியும். ரெண்டு லட்ச ரூபா லென்ஸும் அதை வெட்ட முடியாது. அந்த நேரத்துல கேமராவைப் பையில வச்சுட்டு டிபன் சாப்பிடப் போயிடுங்க.

சாமான் விஷயத்துல நம்ம ஊரு சொர்க்கம். பறவையோட கண் மட்டத்துக்கு லென்ஸ் இறங்கினாத்தான் படம் உயிரா இருக்கும், அதனால குப்புறப் படுக்கணும். டிரைபாட் வேண்டாம். ஒரு பழைய தட்டையான வாணலி எடுத்துக்கோங்க. அது மேல ஒரு துணிப்பை, பைக்குள்ள கட்டிங் வேஸ்ட். லென்ஸை அதுல சாய்ச்சு வச்சுட்டு வாணலியைச் சேத்துல தள்ளித் தள்ளி நகரலாம். மத்த ஊர்க்காரங்க பைக்குள்ள அரிசி போடுறாங்க. நாம பனியன் துண்டு போட்டுக்கலாம், நனைஞ்சாலும் காயும், புழுங்காது. மண் கலர் டீ-ஷர்ட் காதர்பேட்டையில குறைஞ்ச விலைக்குக் கிடைக்கும். எக்ஸ்போர்ட் அட்டைப் பெட்டிக்குள்ள போடுற சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலைஞ்சு எடுத்து கேமரா பையில போட்டுக்கோங்க, கடல் ஈரத்துக்கு. கடற்கரையில லென்ஸ் மாத்தாதீங்க. அதைவிட முக்கியம், கட்டிங் செக்‌ஷன்ல நின்னு மாத்தாதீங்க. நான் ஒரு தடவை மதியம் அப்படி மாத்திட்டு, சாயங்காலம் எடுத்த வானம் பூராவும் பஞ்சு மிதந்துட்டு இருந்துச்சு.

இப்போ அந்த ரெண்டாவது கேள்வி.

அது சில வருஷத்துக்கு முன்னாடி, ஒரு ஏப்ரல் மாசம். இடம் குளம் கூட இல்லை, ஊருக்கு வெளியே சைட் போட்டுக் கல் நட்டிருந்த ஒரு காலி மனை. ஜல்லிக் கல்லுக்கு நடுவுல ஒரு சிவப்பு மூக்கு ஆள்காட்டி உக்காந்திருந்துச்சு. நான் கிட்டப் போனதும் எந்திரிச்சுது. கீழே நாலு முட்டை, கூர் முனை எல்லாம் உள்பக்கம் பார்த்த மாதிரி. கூடுன்னு ஒண்ணும் கிடையாது, ஜல்லி மேலயே முட்டை. கல்லும் முட்டையும் ஒரே ஷேடு, எந்த பையரும் ரிஜெக்ட் பண்ண முடியாத மேட்சிங்.

எனக்குத் தலை கால் புரியலை. பத்து அடி தள்ளிப் படுத்தேன். மணி ஒன்பதரை இருக்கும். ஆள்காட்டி ரெண்டும் தலைக்கு மேல சுத்திக் கத்திட்டே இருந்துச்சு. கத்தினா நல்லதுதான், வாய் திறந்த படம் கிடைக்கும்னு நினைச்சேன். ஆடு மேய்ச்சுட்டு இருந்த ஒரு அம்மா பக்கத்துல வந்து நின்னாங்க.

"ஏங்கண்ணு, அது வெகு நேரமா கத்துதே. நீ எந்திரிச்சுப் போனீன்னா அது வந்து உக்காந்துக்கும்."

"இன்னொரு அஞ்சு நிமிஷங்கம்மா," அப்படின்னேன்.

அவங்க கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு ஆட்டை ஓட்டிட்டுப் போயிட்டாங்க. அந்த அஞ்சு நிமிஷம் பதினொன்றரை வரைக்கும் போச்சு. நடுவுல ஒரு பறவை பறந்து போய், போர் பைப்புல கசிஞ்சு தேங்கியிருந்த தண்ணியில உக்காந்து வயித்தை நனைச்சுட்டு வந்துச்சு. முட்டைக்கு ஏழெட்டு அடி தள்ளி நின்னு என்னையே பார்த்துச்சு. இறகுல இருந்து தண்ணி சொட்டுது. பின்னாடி ஜல்லி எல்லாம் மங்கலா, கண்ணுல ஒரு துளி வெளிச்சம். அதுதான் நீங்க கேட்ட படம். அது மறுபடி போச்சு, மறுபடி நனைச்சுட்டு வந்துச்சு. மறுபடியும் அங்கேயே நின்னுச்சு. நான் மறுபடியும் எடுத்தேன்.

குளிக்குதுன்னு நினைச்சேன். அந்தப் படத்துக்கு நான் போட்ட கேப்ஷனே அதுதான், "சம்மர் பாத்".

அடுத்த ஞாயித்துக்கிழமை போனா பறவை ரெண்டும் இல்லை. முட்டை நாலும் அப்படியே இருந்துச்சு. தொட்டுப் பார்க்கலை, ஒண்ணுல விரிசல் விட்டு எறும்பு ஏறியிருந்துச்சு. நாய் எதாவது விரட்டியிருக்கும்னு நானே எனக்கு ஒரு காரணம் சொல்லிக்கிட்டேன். ரொம்ப நாள் கழிச்சுத்தான் ஒரு கட்டுரையில படிச்சேன்: கோடையில ஆள்காட்டி முட்டைக்கு மேல உக்கார்றது சூடு கொடுக்க இல்லை, சூடு ஏறாம காக்க. நிழல் கொடுக்கும். வெயில் தாங்காதப்போ வயித்து இறகை நனைச்சுட்டு வந்து முட்டை மேல ஈரத்தை வைக்கும். நம்ம ஊரு ஏப்ரல் வெயில்ல, ஜல்லி மேல, மூடாத முட்டை எவ்வளவு நேரம் தாங்கும்? நான் அங்கே ரெண்டு மணி நேரம் படுத்திருந்தேன். அது தண்ணி கொண்டு வந்துச்சு, நான் வழியில இருந்தேன்.

தமிழ்ல அதுக்கு என்ன பேரு பாருங்க. ஆள்-காட்டி. ஆள் வந்திருக்கான்னு ஊருக்கே சொல்ற பறவை. அது ரெண்டு மணி நேரமா என்னைத்தான் காட்டிட்டு இருந்துச்சு. ஆடு மேய்க்கிற அம்மாவுக்குப் புரிஞ்சது எனக்குப் புரியலை.

அந்தப் படம் ஏன் இன்னும் பேஜ்ல இருக்குன்னு கேப்பீங்க. ரெண்டு தடவை எடுத்தேன், திரும்பப் போட்டேன். இப்போ கேப்ஷனை மாத்தி, நடந்ததை எழுதியிருக்கேன். லைக் போடுறவங்க கேப்ஷன் படிக்கிறதில்லைங்கிறது வேற விஷயம்.

இதுக்கு அப்புறம் நான் கத்துக்கிட்டதுதான் உண்மையிலேயே பாடம்னு நினைக்கிறேன், அதுல கேமராவே வராது. பறவை பறக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே சொல்லிடும். மேய்ஞ்சுட்டு இருக்கிற கூட்டத்துல ஒரு தலை நிமிரும். அப்புறம் நாலு. மேயுறது நிக்கும். உடம்பை ஒடுக்கி நிமிர்ந்து நிக்கும், இல்லைன்னா உங்களை விட்டு விலகி நடக்க ஆரம்பிக்கும். சிலது தலையை மேலும் கீழும் ஆட்டும். முதல் தலை நிமிரும்போதே நீங்க நின்னுடணும். நின்னு, உக்காந்து, வேற எங்கயாவது பார்க்கணும். மறுபடி எல்லாத் தலையும் கீழே போனப்புறம் வேணா ஒரு அடி நகரலாம். நேரா போகாதீங்க, நேரா வர்றது நாயும் நரியும்தான். ஒரு உப்புக்கொத்தி இறக்கை உடைஞ்ச மாதிரி தரையில இழுத்துட்டு ஓடினா, அது உங்களுக்காகப் பண்ற நாடகம். பக்கத்துல எங்கேயோ முட்டையோ குஞ்சோ இருக்கு. வந்த வழியே, காலடி பார்த்துத் திரும்பிடுங்க.

இதைப் பழக நஞ்சராயன் குளத்தை விட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஒரு மாசம் கேமரா இல்லாம போங்கன்னு சொல்வேன், யாரும் கேக்க மாட்டாங்க. அட்லீஸ்ட் முதல் அரை மணி நேரம் பையைத் திறக்காதீங்க. கரையிலயே இருங்க, இறங்காதீங்க, அது இப்போ சரணாலயம். பார்த்ததை ஈபேர்டுல ஏத்துங்க. பொங்கல் லீவுல தமிழ்நாடு முழுக்கப் பறவை கணக்கெடுக்கிறாங்க, அதுல சேர்ந்தீங்கன்னா கூட வர்றவங்க கிட்டயே பாதி கத்துக்கலாம்.

அப்புறம் கடலுக்குப் போங்க.

நான் முதல் தடவை கோடியக்கரைக்குப் போனது ஒரு ஜனவரி கடைசி. ராத்திரி பஸ்ல திருச்சி, அங்கிருந்து தஞ்சாவூர், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம். 1967ல இருந்து அது சரணாலயம், வெளிமானுக்குப் பேர் போன இடம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டா அங்கே பறவைகளுக்குக் கால்ல வளையம் மாட்டி ஆராய்ச்சி பண்ணிட்டு வருது. உள்ளே போக வனத்துறை அனுமதி வாங்கணும். ட்ரோன் ஆசையை ஊர்லயே வச்சுட்டுப் போங்க.

எனக்கு அமைஞ்ச இடம் காட்டுக்குள்ள இல்லை, வெளியே ஒரு உப்பளம். மழைக்காலம் முடிஞ்சு வரப்பு கட்டிட்டு இருந்தாங்க. கேட்டுட்டுத்தான் நுழைஞ்சேன். தூரத்துல சின்னச் சின்னதா ஒரு உள்ளான் கூட்டம், நூறு நூத்தம்பது இருக்கும். கொசு உள்ளான். பேருக்கேத்த மாதிரி முப்பது கிராம் கூட வராது. நாம தைக்கிற ஒரு ரவுண்டு நெக் டீ-ஷர்ட் 150 கிராம்னு வச்சுக்கோங்க, அஞ்சு கொசு உள்ளானைச் சேர்த்தாத்தான் ஒரு டீ-ஷர்ட். அது ஆர்க்டிக் ஓரத்துல, சைபீரியாவுல பொரிச்சு இங்கே வருது, திரும்பியும் போகுது. போறதுக்கு முன்னாடி கொழுப்பு சேர்க்கணும். ஒவ்வொரு தடவை நாம விரட்டும்போதும் அது மேயுற நேரமும் போகுது, சேர்த்த கொழுப்பும் போகுது. எக்ஸ்போர்ட்ல இருக்கிறவங்களுக்குப் புரியும், ஷிப்மெண்ட் தேதி நெருங்கும்போது லைனை நிறுத்தினா எப்படி இருக்கும்னு.

இவ்வளவு தெரிஞ்சும் நான் என்ன பண்ணேன்? ஏழு மணி நேரம் பஸ்ல வந்திருக்கோம்ங்கிற வேகத்துல வரப்பு மேல விறுவிறுன்னு நடந்தேன். கூட்டம் எழும்பி நாலு பாத்தி தள்ளி உக்காந்துச்சு. அங்கேயும் போனேன். மறுபடி எழும்புச்சு. மண்வெட்டியோட நின்னுட்டு இருந்த பெரியவர் ஒருத்தர் சிரிச்சார்.

"தம்பி, நீங்க தொரத்துனா அது ஓடத்தான் செய்யும். நாங்க இங்கனயே கெடக்குறோம், எங்க கால்கிட்டயே மேயுது பாருங்க. ஒரு எடத்துல உக்காருங்க. அது வரும்."

அவர் காமிச்ச பாத்தி ஓரத்துல வாணலியை வச்சுப் படுத்தேன். அவர் சொல்லித்தான் தெரிஞ்சுது, அந்தப் பாத்தியில தண்ணி மெதுவா வத்திட்டு இருக்கு, சேறு தெரியத் தெரிய பறவை அதைத் தொடர்ந்து வரும். கடலோரத்துலயும் இதே கணக்குதான். நம்ம பாக் ஜலசந்திப் பக்கம் தண்ணி ஏறி வத்துறது ஒரு மீட்டருக்கும் குறைவு, ஆனா தட்டைச் சேத்துல அது எவ்வளவோ தூரத்துக்கு நிலத்தைத் திறந்து மூடிடும். தண்ணி எங்கே வத்துதோ அங்கே பறவை வரும். நீங்க அதுக்கு முன்னாடியே அங்கே இருந்தா, உங்களையும் ஒரு வரப்பா நினைச்சுக்கும்.

நாப்பது நிமிஷம். முழங்கையில உப்புத்தண்ணி ஏறி எரிஞ்சுது. அப்புறம் 'டிட் டிட்'னு சின்னச் சத்தம், ஒண்ணு ரெண்டு, அப்புறம் பத்து. கடைசியில லென்ஸ் ஃபோகஸ் ஆகாத தூரத்துக்கு வந்துடுச்சு. 300 எம்எம் போதாதுன்னு புலம்பினவன், இப்போ பறவை ரொம்பக் கிட்ட வந்துடுச்சேன்னு முழிக்கிறேன். ஷட்டர் அமுக்கினா பக்கத்துல இருக்கிறது தலை தூக்கும், உடனே குனிஞ்சு மேய்ஞ்சுக்கும். அன்னிக்கு எடுத்ததுல நாலு படம்தான் தேறுச்சு. பறவைங்க தானாவே அடுத்த பாத்திக்கு நடந்து போச்சு, அதுக்கப்புறம் நான் எந்திரிச்சேன். என்னால ஒரு பறவை கூட எழும்பலைங்கிறது அதுவே முதல் தடவை.

பூநாரை பத்தி ஒரு வார்த்தை. பழவேற்காட்டுலயும் தனுஷ்கோடியிலயும் பார்த்திருக்கேன், இறக்கைக்கு உள்ள இருக்கிற அந்தச் சிவப்பு படத்துல வரணும்னு கை தட்டிக் கூட்டத்தைக் கிளப்புறாங்க. தனுஷ்கோடியில 2025 ஜூன்ல பூநாரைக்குன்னே சரணாலயம் அறிவிச்சிருக்காங்க, அது கொஞ்சம் குறையும்னு நம்புறேன். காத்திருந்தா அது தானாவே சோம்பல் முறிக்கும், அப்போ ஒரு இறக்கை முழுசா விரியும்.

ஆமை கேட்டிருந்தீங்க ஒருத்தர். ஜனவரியில இருந்து மார்ச் ஏப்ரல் வரைக்கும் பங்குனி ஆமை நம்ம கரையில முட்டை வைக்க வரும். பிளாஷ் கூடவே கூடாது, மொபைல் டார்ச்சும் கூடாது. வெள்ளை வெளிச்சம் பட்டா தாய் ஆமை முட்டை வைக்காமலே திரும்பிடும், குஞ்சு கடலை விட்டுட்டு வெளிச்சத்தைப் பார்த்து நடக்கும். சென்னையில இருக்கிறவங்க, 1988ல இருந்து மாணவர்கள் நடத்திட்டு வர்ற ஆமை நடைக்கு ஒரு ராத்திரி போயிட்டு வாங்க. கேமரா இல்லாம போங்க. கரையில பழக நண்டு நல்ல வாத்தியார்: வளைக்குப் பக்கத்துல அசையாம படுத்தா அஞ்சு நிமிஷத்துல வெளியே வரும், விரலை ஆட்டினா உள்ளே போயிடும். உடனுக்குடன் மார்க் போட்டுடும்.

வாய்ஸ் நோட் அனுப்பின தம்பிக்கு: இந்த ஞாயித்துக்கிழமை காலையில ஆறே காலுக்கு நஞ்சராயன் குளத்துக் கரையில இருப்பேன். மண் கலர் சட்டை போட்டுட்டு வாங்க, தண்ணி பாட்டில் கொண்டு வாங்க. பைக்கைத் தூரமா நிறுத்திட்டு நடந்து வாங்க. கட்டிங் வேஸ்ட் நான் கொண்டு வர்றேன்.